மடியில் வைக்க முடியாத லேப்டாப்

7

வேதாளை ஊருக்குள் ஸ்கூட்டர் திரும்பும்போதும் துப்பறியும் பாண்டித்துரைக்குத் தலைக்கனம் இறங்கியிருக்கவில்லை. காலையில் கிடைத்த கைதட்டல் அப்படி.

“அண்ணே, கொஞ்சம் குனிஞ்சு வாங்க. மண்டை பெருத்துப் போச்சு. காத்துத் தடுக்குது, வண்டி இழுக்க மாட்டேங்குது,” என்றாள் ஜெயப்பிரியா. வண்டியை ஓட்டுவது அவள்தான். அவருடைய உதவியாளர். டைப் அடிப்பது, ஆள் பின்தொடர்வது, வண்டி ஓட்டுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சம்பளம். அவரை வாருவது மட்டும் இலவசச் சேவை.

“பொறாமைப்படாத பிரியா. ஒரு கேசை ஒரே காலையில முடிக்கிறதுன்னா சும்மாவா?”

அவருடைய விசிட்டிங் கார்டிலேயே பெயருக்குக் கீழே ‘துரிதத் துப்பு’ என்றுதான் அச்சடித்திருந்தது. ராமநாதபுரத்தில் அந்தக் கார்டு இல்லாத டீக்கடை கிடையாது.

கேஸ் இதுதான். மண்டபத்தில் முத்துக்கரை பயிற்சி மையம் என்று ஒன்று. டாக்டர் படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற இடம். வருடத்துக்கு ஒரு பிள்ளைக்கு மட்டும் அங்கே இலவச இடம் உண்டு. அதற்கென்று ஒரு தேர்வு வைப்பார்கள். இந்த வருடம் அதன் கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியே போய்விட்டது. எவனோ ஒரு பையன் பெருமைக்கு நண்பர்களுக்கும் அனுப்பி வைக்க, விஷயம் வெடித்தது. மையத்தின் பொது ஈமெயிலிலிருந்துதான், யாருடையது என்று தெரியாத ஒரு முகவரிக்குக் கேள்வித்தாள் போயிருந்தது. போனது ஒரு நடுமதியம். அந்த மெயில் திறக்கிற கம்ப்யூட்டர் இரண்டே இரண்டு. ஒன்று மையத்தின் ஆபீசில் இருக்கும் டெஸ்க்டாப். இன்னொன்று கேள்வித்தாளைத் தயாரித்த உயிரியல் ஆசிரியை நஸீஹா தன் வீட்டில் வைத்திருக்கும் லேப்டாப்.

அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்புக்காக வேதாளையும் சேர்த்து மண்டபம் வட்டாரம் முழுக்கக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். பேப்பரிலேயே வந்த அறிவிப்பு. “கரண்ட் போனதும் ஆபீஸ் கம்ப்யூட்டர் அணைஞ்சதை நாங்க எல்லாருமே பாத்தோமே,” என்றார் மையத்தை நடத்தும் யோகேஸ்வரன். ஊழியர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கரண்ட் இல்லாதபோது கை கொடுக்கிற யூ.பி.எஸ்? அதன் பேட்டரி செத்து ரொம்ப நாளாகிவிட்டது என்றார். அப்புறமென்ன? பெற்றோர் நிறைந்த ஹாலில் பாண்டித்துரை மைக்கைப் பிடித்தார்.

“டெஸ்க்டாப்புக்குக் கரண்ட் வேணும். லேப்டாப்புக்கு மடி போதும்! நஸீஹா டீச்சர், உங்ககிட்ட இருக்கறது என்ன?”

“லேப்டாப்,” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, பின்வரிசையில் நின்ற அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அது போதாதா? கைதட்டல் கூரையைத் தூக்கியது. யோகேஸ்வரன் அங்கேயே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்.

மாலையில் பெற்றோர் மறுபடியும் கூடுகிறார்கள். அவர்கள் முன்னால் மேசைமேல் வைத்துக் காட்ட அந்த லேப்டாப் வேண்டும் என்று யோகேஸ்வரன் கேட்டிருந்தார். அதை வாங்கிவரத்தான் இந்தப் பயணம்.

கதவைத் திறந்தவர் நஸீஹாவின் தகப்பனார் காதர் மைதீன். வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பியவர். வந்திருப்பது யார் என்று தெரிந்தும், “வாங்க, உள்ள வந்து உக்காருங்க” என்றார். அந்த மரியாதை பாண்டித்துரைக்கு லேசாக உறுத்தியது. இரண்டு வசவு வைதிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

கூடத்தில் பெரிய பாய் ஒன்று விரித்துக் கிடந்தது. அதில் ஒருவரும் இல்லை.

“இந்நேரம் டியூஷன் பிள்ளைங்க வந்துருங்க,” என்றார் காதர் மைதீன். “இன்னிக்கு ஒண்ணையும் காணோம். தாய்மாருங்க போன் பண்ணி, இனி அனுப்பலைன்னு சொல்லிட்டாங்க.”

நஸீஹா உள்ளிருந்து வந்தாள். அழுது முடித்த முகம்.

“லேப்டாப்பை எடுத்துட்டு வாங்கம்மா,” என்றார் பாண்டித்துரை, போலீஸ்காரர் குரலில்.

“எடுத்துட்டு வர ஏலாது சார்.”

“ஆதாரத்தை மறைச்சா விஷயம் இன்னும் பெருசாகும்.”

“மறைக்கலை சார். நீங்களே உள்ள வந்து பாருங்க.”

உள்ளறையில் ஒரு மேசை. அதன்மேல் பழைய குண்டு டிவி ஒன்று நீலமாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு வயர் இறங்கி, கீழே கிடந்த ஒரு கறுப்புத் தகட்டுக்குள் போனது. அது ஒரு காலத்தில் லேப்டாப்பாக இருந்திருக்க வேண்டும். மூடி போலத் திறக்கும் திரையை அடியோடு கழற்றியாயிற்று. எழுத்துப் பொத்தான்களில் பாதியைக் காணோம். அதனால் தனியாக ஒரு கீபோர்டு. சூடு தாங்க ஒரு டேபிள் ஃபேன். எதுவும் நழுவிவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் தூண்டில் நரம்பால் மேசைக் காலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

ஜெயப்பிரியா ஒருமுறை அதைச் சுற்றி வந்தாள். “அண்ணே, மடி போதும்னு சொன்னீங்களே, யாரு மடி? டிவிக்கு ஒரு மடி, ஃபேனுக்கு ஒரு மடின்னு போனா ஒரு குடும்பமே வரிசையா உக்காரணும்.”

“சும்மா இரு. திரை போனா என்ன? பேட்டரி இருந்தா ஓடும்ல?” என்றார் பாண்டித்துரை. குரலில் பழைய முறுக்கு இல்லை. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார்.

டிவி இருண்டது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்தக் கறுப்புத் தகட்டின் ஓரத்தில் எரிந்த சின்ன விளக்கும் அதே நொடியில் அணைந்தது. உள்ளே சுற்றிக்கொண்டிருந்த விசிறி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. ஜெயப்பிரியா நரம்பைத் தளர்த்தி, தகட்டைத் திருப்பிப் பார்த்தாள். பேட்டரி இருக்க வேண்டிய பள்ளத்தில் மடித்துச் செருகிய அட்டை. அட்டையில் ஒட்டடை. ஒட்டடைக்குள் காய்ந்துபோன பல்லி முட்டை ஓடுகள்.

“பல்லி இங்க பிள்ளை பெத்து, பேரு வச்சு, கட்டிக்கொடுத்தும் அனுப்பிருச்சுண்ணே. பேட்டரி போய் எம்புட்டுக் காலமோ!”

“ஊதிப் போச்சு சார். வெடிச்சிரும்னு பயந்து வாப்பாதான் கழட்டினாங்க,” என்றாள் நஸீஹா. “கரண்ட் இருந்தா ஓடும். இல்லைன்னா இது வெறும் கட்டைதான்.”

பாண்டித்துரை அந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தார். “இதை ஏம்மா காலையில சொல்லலை?”

“என்ன இருக்குன்னு கேட்டீங்க. லேப்டாப்னு சொன்னேன். கடையில வாங்குனப்ப அதோட பேரு அதுதானே? அதுக்கு மேல...” அவள் தயங்கினாள். “அம்புட்டுப் பேர் முன்னால, இப்படி ஒண்ணைக் கட்டி வச்சுத்தான் உங்க பிள்ளைங்களுக்குக் கேள்வித்தாள் எடுக்கேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு சார். எப்படியும் வீட்டுக்கு வந்து ஒரு தடவை பாத்துட்டுத்தான் முடிவா சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.”

வந்து பார்ப்பார் என்று நம்பியிருக்கிறாள்! மண்டபத்திலிருந்து வேதாளை என்ன, கொழும்பிலா இருக்கிறது? காலையிலேயே ஒரு நடை வந்திருந்தால் போதும். வந்து பார்க்கத் தோன்றவில்லை. பேரைக் கேட்டார், கைதட்டலைக் கேட்டார், முடித்துவிட்டார். அவசரத்துக்கு அண்டாவிலும் கை போகாது என்பார்கள். இங்கே அவசரத்தில் ஒரு பெண்ணின் பெயருக்குள்ளேயே கையை விட்டு நாறடித்தாயிற்று. அவருக்குக் காது மடல்வரை சுட்டது.

அவள் பக்கத்தில் போய், தகப்பனாருக்குக்கூடக் கேட்காத குரலில், “மன்னிச்சிரும்மா” என்றார்.

நஸீஹா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “காலையில மைக்குல சொன்னீங்க சார். இப்பக் காதோட சொல்லுறீங்க.”

செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளவே அவருக்கு நேரமானது.

தெருமுனை வரைக்கும் ஜெயப்பிரியா வாயைத் திறக்கவில்லை. அதுவே பாண்டித்துரைக்குப் பயமாக இருந்தது.

“ஏதாவது சொல்லு பிரியா. வைதுரு.”

“வைய என்ன இருக்கு? நானுந்தானே பக்கத்துல நின்னு கைதட்டுனேன்.” வண்டி மெயின் ரோட்டில் ஏறியது. “ஆனா ஒண்ணு இடிக்குதுண்ணே. இந்த ஊர்ல லேப்டாப் டெஸ்க்டாப்பா மாறிக் கெடக்கு. அப்ப அங்க ஆபீஸ்ல டெஸ்க்டாப்பு லேப்டாப்பா மாறியிருக்குமோ?”

“நிறுத்து.”

“வையச் சொன்னது நீங்கதான...”

“வண்டியை நிறுத்துன்னேன்! பிரியா, அந்தக் கூட்டிப் பெருக்குற அம்மா காலையில என்னமோ சொல்ல வந்துச்சே, என்ன அது?”

“கனகலட்சுமி அக்காவா? கரண்ட் இல்லாத அன்னிக்கு ஆபீஸ் ரூமுக்குள்ள குருவி விடாம கத்துச்சுன்னு சொன்னுச்சு. நீங்க, குருவி பிடிக்க நான் வரலைம்மான்னு சொல்லிட்டீங்க. அக்கா மூஞ்சி சுண்டிப் போச்சு.”

இன்னொரு அடி. ஆனால் இந்த முறை அவமானத்தோடு ஒரு வெளிச்சமும் சேர்ந்து வந்தது. பூட்டிய ஆபீசுக்குள் குருவிக்கு என்ன வேலை? கரண்ட் போனால் விட்டு விட்டுக் கீச்சிடுகிற பறவை ஒன்றே ஒன்றுதான். அதற்கு இறக்கை கிடையாது.

அவர்கள் மையத்துக்குப் போனபோது ஹாலில் பெற்றோர் வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள். யோகேஸ்வரன் ஆபீசில் வெள்ளைச் சட்டையில் காத்திருந்தார்.

“லேப்டாப் எங்க சார்?”

“அதைத் தூக்க நாலு ஆளு வேணும். பொறவு சொல்லுறேன்,” என்றார் பாண்டித்துரை. “மொதல்ல உங்க கம்ப்யூட்டரை ஒரு தடவை பாத்துக்கிறேன். அந்தக் கூட்டிப் பெருக்குற அம்மாவையும் கூப்பிடுங்க.”

கனகலட்சுமி விளக்குமாற்றோடு வந்து வாசலில் நின்றாள். காலையில் பட்ட சூடு இன்னும் ஆறாத முகம்.

“யக்கா, காலையில நான் உங்களைச் சரியா கேக்கலை. தப்பு என் மேலதான்,” என்றார் பாண்டித்துரை. “அந்தக் குருவி எப்படிக் கத்துச்சு?”

அவள் யோகேஸ்வரனைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். “கீச்சுங்கும். கொஞ்சம் சும்மா இருக்கும். மறுபடி கீச்சுங்கும். எல்லாரையும் சாப்பிடப் போங்கன்னு சார் அனுப்பிட்டாக. நான் வெரசாத் திரும்பிட்டேன். கதவு சாத்திக் கெடந்துச்சு. உள்ளாரதான் சத்தம்.”

“கதவுச் சாவி யாருகிட்ட இருக்கும்?”

“சாருகிட்ட மட்டுந்தான்.”

யோகேஸ்வரன் சிரித்தார். “என்ன சார், குருவிக் கதையெல்லாம் கேட்டுக்கிட்டு... வெளிய அவ்வளவு பேரு காத்திருக்காங்க.”

இதற்குள் ஜெயப்பிரியா மேசைக்கு அடியில் புகுந்துவிட்டாள். அங்கிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. “அண்ணே, நம்ம ஊரு உப்புக் காத்து பொய் சொல்லாதுண்ணே.”

“என்ன தெரியுது?”

“யூ.பி.எஸ்ஸுக்குப் பின்னால வரிசையா ஓட்டை. சும்மா கெடக்குறதெல்லாம் பச்சையாக் களிம்பு ஏறிக் கெடக்கு. ஒண்ணே ஒண்ணுலதான் இப்ப ப்ளக்கு இருக்கு, கம்ப்யூட்டர் டப்பாவோடது. அதுக்குப் பக்கத்து ஓட்டையிலயும் எதுவும் இல்லை. ஆனா களிம்பே இல்லாம, புதுப் பொண்ணு மூக்குத்தி மாதிரி மினுக்குது. அதுல கொஞ்ச நாள் முன்ன வரைக்கும் எதுவோ குடியிருந்துருக்கு.”

“மானிட்டர் ப்ளக்கு எங்க போகுது?”

“அது சுவத்துக்குப் போகுது. சுவத்து ஓட்டை பூரா களிம்பு. புதுசாக் குடிவந்த வீடுண்ணே, இன்னும் வெள்ளையடிக்கலை.”

பாண்டித்துரை சுவரில் இருந்த, அந்த அறைக்கு மட்டுமான மெயின் சுவிட்சில் கையை வைத்து, ஒரே தட்டாகக் கீழே இறக்கினார். விளக்கு, ஃபேன் எல்லாம் நின்றன. மேசைமேல் இருந்த திரையும் இருண்டது.

“பாத்தீங்களா?” என்றார் யோகேஸ்வரன் அவசரமாக. “கம்ப்யூட்டர் அணைஞ்சிருச்சு. இதைத்தானே நானும் சொன்னேன்!”

மேசைக்கு அடியிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் நின்று, மறுபடி ஒரு கீச்.

“இதேதான்! இந்தக் குருவிதான்!” என்றாள் கனகலட்சுமி.

“கம்ப்யூட்டர் அணையலை சார்,” என்றார் பாண்டித்துரை. “அணைஞ்சது அதோட மூஞ்சி மட்டும். நம்ம ஆளுக எல்லாரும் டிவி மாதிரி இருக்கறதைத்தான் கம்ப்யூட்டர்னு சொல்றோம். அது இருட்டுனா கம்ப்யூட்டர் செத்துப் போச்சுங்கறோம். உசிரு கீழ இருக்குற டப்பாவுல ஓடிக்கிட்டு இருக்கு, கேளுங்க. யூ.பி.எஸ் தன் பேட்டரியில ஓடுறப்பத்தான் இப்படிக் கீச்சுங்கும். கரண்ட் நிறுத்துற நாளு பேப்பர்ல பாத்தீங்க. மானிட்டரை மட்டும் சுவத்துல மாட்டி வச்சீங்க. எல்லாரும் பாக்கத் திரை இருண்டுச்சு. அவங்களைச் சாப்பிட அனுப்பிட்டு, ப்ளக்கை யூ.பி.எஸ்ல மாட்டி, உங்க போன்ல இருந்து நெட்டை எடுத்து, கேள்வித்தாளை அனுப்பிட்டீங்க. பொறவு மறுபடி சுவத்துக்கே மாத்திட்டீங்க. செத்துப் போச்சுன்னு நீங்க சொன்ன பேட்டரிக்கு உசிரு இருக்கு. உசிரோட இருக்குன்னு நான் நம்புன பேட்டரியில பல்லி குடியிருக்கு.”

யோகேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை கழுத்தடியில் நனைந்துவிட்டது. வெளியே ஹாலில் யாரோ மைக்கைத் தட்டி, ஹலோ ஹலோ என்று பார்ப்பது கேட்டது.

“அக்கா மகன் சார்,” என்றார் கடைசியில். “கடலாடியில இருக்கான். அக்கா தெனமும் அழும். அவனுக்கு அந்த இலவச இடம் கிடைச்சா போதும்னு நெனச்சேன். அந்தப் பய தம்பட்டம் அடிப்பான்னு கண்டேனா?”

“மாட்டுனா நஸீஹா தலையில கட்டலாம்னு முன்னாலயே திட்டம் போட்டுருக்கீங்க. சரி. அதுக்குத் துப்பறியுற ஆளை எதுக்குக் கூப்பிட்டீங்க? அந்த தைரியம் எங்கிருந்து வந்துச்சு?”

யோகேஸ்வரன் அவரை நேராகப் பார்த்தார். பிடிபட்டவன் முகத்தில் வரக் கூடாத ஒரு பரிதாபம் அதில் இருந்தது.

“விசாரிச்சுட்டுத்தான் சார் கூப்பிட்டேன். மதுரையில ஒருத்தர் இருக்காரு, ஊன்றிப் பாப்பாருன்னாங்க. அவரு வேணாம்னுட்டேன். நீங்கதான் வந்த வேகத்துல யாரையாவது காட்டிட்டுப் போயிருவீங்கன்னு சொன்னாங்க. உங்க கார்டைக் கூடப் பாத்தேன்.”

அறையில் குருவி மட்டும் கத்திக்கொண்டிருந்தது. எப்போதும் ஏதாவது ஒன்றைச் சொல்லி வைக்கும் ஜெயப்பிரியா, மேசைக்கு அடியிலிருந்து வெளியே வராமலே இருந்தாள். கனகலட்சுமி தரையைப் பார்த்தாள். பாண்டித்துரைக்கு அந்த நிமிடம் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. திருடனைப் பிடித்த நேரத்தில் இப்படிக் கூசி நின்றது அவருக்கு இதுதான் முதல் தடவை. இந்த ஆள் பூட்டை உடைக்கவில்லை, சாவியைத் திருடவில்லை. பாண்டித்துரையைத்தான் ஆயுதமாக எடுத்து வீசியிருக்கிறார். ஆயுதமும் குறி தவறாமல் போய்க் குத்தியிருக்கிறது.

“எந்திரிங்க,” என்றார் மெதுவாக. “ஹாலுக்குப் போவோம்.”

காலையில் ஏறிய அதே மேடைதான். காலையில் துள்ளி ஏறினார். இப்போது படி உயரமாக இருந்தது. மைக்கைக் கையில் எடுத்ததும் ஹால் அடங்கியது. முன்வரிசையில் ஒருவர், கைதட்ட வசதியாகக் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

“காலையில இதே மைக்குல நான் ஒண்ணு சொன்னேன். அது பொய். தெரிஞ்சு சொல்லலை. தெரிஞ்சுக்காம சொன்னேன்,” என்று தொடங்கினார். கேள்வித்தாள் ஆபீசிலிருந்தே போனதைச் சொன்னார். யார் அனுப்பியது என்பதை, தலைகுனிந்து பக்கத்தில் நின்ற யோகேஸ்வரனையே சொல்ல வைத்தார். கூட்டம் கொதித்துக் கத்தியது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, “டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பாக்காமலே நான் தீர்ப்புச் சொல்லிட்டேன். டீச்சர் மேல ஒரு தப்பும் இல்லை. நான் வெக்கப்படுறேன்” என்றார்.

காலையில் தட்டிய கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். டியூஷனை நிறுத்திய தாய்மார்களில் ஒருத்தியாக இருக்க வேண்டும்.

அப்போதுதான் பாண்டித்துரை கவனித்தார். ஹாலின் கடைசியில், கதவை ஒட்டி, காதர் மைதீன் நின்றுகொண்டிருந்தார். கையில் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார். அதைக் காதில் வைத்து எதையோ கேட்டுவிட்டு, மேடையைப் பார்த்துச் சொன்னார். அமைதியான குரல்தான், ஆனால் அந்த ஹாலில் எல்லோருக்கும் கேட்டது.

“பிள்ளை லைன்ல இருக்கு சார். நீங்க பேசுனதை எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு. டீச்சர், டீச்சர்னு சொல்லுறீங்களாம். காலையில பேரைச் சொல்லித்தானே சொன்னீங்க, இப்பவும் பேரைச் சொல்லிச் சொல்லணும்னு கேக்குது.”

பாண்டித்துரைக்குக் கண் கலங்கியது. நல்லது செய்கிற நேரத்திலும் அரைகுறை. ஜெயப்பிரியா மைக்செட் பக்கம் போய்ச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“நஸீஹா திருடலை,” என்றார். “காதர் மைதீன் மகள் நஸீஹா திருடலை. சொன்னவன் பாண்டித்துரை. தப்பு அவன் மேல.”

காதர் மைதீன் போனைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு மறுபடி கையை உயர்த்தி, போனை மேடைப் பக்கம் நீட்டினார்.

“இன்னொரு தடவை,” என்றார்.

பாண்டித்துரை இன்னொரு தடவை சொன்னார்.